செவ்வாய்க்கிழமை ஹவுஸ்ஃபுல்

இலத்தூரில் சிவனணைந்தபெருமாளின் வீட்டில் ஆண்பிள்ளையாகப் பிறந்தவன் ஒன்று காக்கி போடுவான், இல்லையென்றால் பச்சை போடுவான். அப்பா ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மூத்த அண்ணன் ராணுவம். அடுத்த அண்ணன் இசக்கி போலீஸ். கடைக்குட்டியான சிவனணைந்தபெருமாளும் இருபது வயதில் திருநெல்வேலிக்குப் போய் போலீஸ் தேர்வில் ஓடினார், தாண்டினார், கயிறு ஏறினார். மார்பளவு எடுக்கும் இடத்தில், முழு மூச்சையும் இழுத்துப் பிடித்தும் டேப் ஒத்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்குப் போக முகமில்லை. தென்காசி பஸ் ஸ்டாண்டில் இறங்கியவர் இலத்தூர் பஸ்ஸைப் பிடிக்காமல் குற்றாலம் போகும் சாலையில் நடந்தார். மேலகரத்தைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் குழல்வாய்மொழி தியேட்டர் இருந்தது. மேட்னி ஷோவுக்குப் போய் உட்கார்ந்தார். படம் விட்டு வெளியே வந்தபோது கேட்டில் டிக்கெட் கிழிக்க ஆள் வேண்டும் என்று யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். நான் நிற்கட்டுமா என்று கேட்டார். அன்று கேட்டில் நின்றவர்தான். கவுண்டருக்குள் போனார், மேனேஜர் ஆனார், முதலாளி மதுரைக்குக் குடிபோன பிறகு தியேட்டரையே லீசுக்கு எடுத்துக்கொண்டார். சொந்தக்காரர்கள் கல்யாண வீட்டில் அவரை யாருக்காவது காட்டும்போது, "இவன் கொட்டகைக்காரன்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடுவார்கள்.

அந்தத் தியேட்டருக்கு என்று ஒரு பிழைப்பு இருந்தது. சீசன் காலத்தில் அருவியில் தண்ணீர் அளவாக விழுந்தால் ஜனம் அருவிக்குப் போகும். மலையில் மழை வலுத்து, மெயின் அருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழ ஆரம்பித்தால் போலீஸ் குளிக்கத் தடை போடும். தடை போட்ட அரைமணி நேரத்தில் சிவகாசி வேன், ராஜபாளையம் வேன், கொல்லம் பக்கத்துக் கார் எல்லாம் தியேட்டர் வாசலில் நிற்கும். தலையில் தேய்த்த எண்ணெயோடு, தோளில் போட்ட துண்டோடு குடும்பம் குடும்பமாக வந்து டிக்கெட் கேட்பார்கள். என்ன படம் என்றுகூடக் கேட்க மாட்டார்கள். நனையாமல் மூன்று மணி நேரம் உட்கார ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான்.

'வேவுக்காரன்' படத்தின் முதல் பாகம் வந்தது பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால். பாதிப் படம் இந்தப் பக்கத்தில்தான் எடுத்தார்கள். பழைய குற்றாலத்தில் ஒரு சண்டை, செங்கோட்டை மலைப்பாதையில் ஒரு துரத்தல். வில்லன் டவுன் பஸ்ஸில் ஏறித் தப்பிப்பான். நாயகன் வாடகை சைக்கிளில் துரத்துவான். காரை வைத்து எடுக்கப் பணமில்லை என்று டைரக்டரே தியேட்டர் கேண்டீனில் டீ குடித்துக்கொண்டு சொன்னார். மொத்தச் செலவே நான்கு கோடிதான். குழல்வாய்மொழியில் அது ஐம்பது நாள் ஓடியது. நம்ம ஊர் டவுன் பஸ் வந்த காட்சியில் ஆலங்குளத்திலிருந்து வந்த ஜனம்கூட எழுந்து நின்று விசிலடித்தது.

இரண்டாம் பாகம் மலேசியாவில் நடந்தது. மூன்றாம் பாகத்துக்கு ஏதோ பனி விழும் தேசத்துக்குப் போனார்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் விநியோகஸ்தரின் ஆளாக வந்து பேசுகிறவர் பாரூக். மேலப்பாளையத்துக்காரர், நல்ல மனிதர், பொய் சொன்னால் காதுமடல் சிவந்துவிடும்.

"அண்ணாச்சி, இந்தத் தடவ நூத்தித் தொண்ணூறு கோடி" என்றார் நான்காம் பாகத்துக்கு வந்தபோது.

"யாருக்கு?"

"யாருக்கா? படத்துக்கு அண்ணாச்சி. எடுத்த செலவு."

சிவனணைந்தபெருமாள் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "படம் எடுத்தாவளா, இல்ல நெசமாவே ஏதும் நாட்டப் புடிச்சிட்டாவளா?"

அதைக் கேட்டு அதிகம் சிரித்தவர் போலீஸ் அண்ணன் இசக்கிதான். அவர் உளவுப்பிரிவில் பதினோரு வருஷம் இருந்தவர். முன்பு மூன்றாம் பாகத்தை ஓசியில் பார்த்துவிட்டு வெளியே வந்தபோதே, "ஏலே, நான் ஒருத்தன் பின்னால ஆறு மாசம் அலைஞ்சேன். டீக்குடிச்ச துட்டு சாங்ஷன் ஆவ ஒரு வருசம் ஆச்சு. இவன் என்னன்னா பாட்டுக்கு ஒரு ஹெலிகாப்டர ஒடைக்கான்" என்றார்.

சிவனணைந்தபெருமாளுக்குப் புரியாமல் இருந்தது வேறு. செலவு ஏற ஏற படம் ஓடும் காலம் குறைந்துகொண்டே வந்தது. இரண்டாம் பாகம் ஒரு மாதம். மூன்றாவது இரண்டு வாரம். நான்காவது, ஞாயிற்றுக்கிழமை கடைசிக் காட்சியோடு மூச்சை விட்டுவிட்டது. திங்கட்கிழமை ஃபேனுக்குக் கீழே இருக்கும் சீட்டில் மட்டும் ஆட்கள் இருந்தார்கள். ஆனால் பேப்பரில் வரும் விளம்பரத்தில் கோடி மட்டும் ஏறியது. நூறு கோடி, இருநூறு கோடி, முந்நூறு கோடி. நம்ம ஊரில் ஆள் இல்லை, வேறு எங்கேயோ ஓடுகிறது போல என்று நினைத்துக்கொள்வார். திருநெல்வேலி தியேட்டர்காரரிடம் கேட்டால் அவரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் பாகம் போன சீசனில் வந்தது. நானூறு கோடி என்றார் பாரூக். இந்த முறை சிவனணைந்தபெருமாளுக்குப் பேச்சே வரவில்லை. முதல் வார வசூலில் நூற்றுக்கு எண்பது படத்துக்காரர்களுக்கு, இரண்டு வாரத்துக்குப் படத்தைத் தூக்கக் கூடாது. அதோடு புதிதாக ஒரு நிபந்தனையும் இருந்தது. எல்லா சீட்டையும் ஆன்லைனில் விட்டுவிட வேண்டும், கவுண்டரில் கொடுக்கக் கூடாது.

"குற்றாலத்துக்கு வார ஆளு ஆன்லைன்ல எங்க பாய் போடுவான்? கையில துட்ட வச்சிக்கிட்டு ஈரத்தோட வந்து நிப்பான்."

"மேல இருந்து சொல்லுதாவ அண்ணாச்சி. எந்த ஊர்ல எத்தன டிக்கெட் போவுதுன்னு அங்கன இருந்தே பாக்கணுமாம்."

படத்தை வாங்கவில்லையென்றால் சீசனில் தியேட்டர் காலியாகக் கிடக்கும். ஒத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பேனர், பாலபிஷேகம், பட்டாசு எல்லாம் நடந்தன. சனி, ஞாயிறு நல்ல கூட்டம். திங்கட்கிழமை மத்தியானக் காட்சிக்கு முன்னால் இரண்டு வரிசை, பின்னால் மூன்று வரிசை. அது அவர் எதிர்பார்த்ததுதான். போன பாகமும் இப்படித்தான் படுத்தது.

திங்கள் ராத்திரி மலையில் பேய்மழை. செவ்வாய் காலையில் மெயின் அருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் எல்லாவற்றிலும் குளிக்கத் தடை. வெள்ளம் செம்மண் நிறத்தில் விழுகிறது என்று பால்காரர் சொன்னார். நாலு குடும்பமாவது வரும், வாசலில் நின்று செல்போனிலாவது டிக்கெட் போடும் என்ற நினைப்போடு சிவனணைந்தபெருமாள் சீக்கிரமே தியேட்டருக்கு வந்து ஆபீஸ் ரூமில் கம்ப்யூட்டரைத் திறந்தார்.

திரை முழுக்கச் சிவப்பு. விற்ற சீட் சிவப்பாகத் தெரியும். காலைக்காட்சி, மத்தியானக் காட்சி, சாயங்காலக் காட்சி மூன்றும் முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை ஒரே சிவப்பு. கம்ப்யூட்டர் பழுதோ என்று அணைத்துப் போட்டார். மறுபடியும் சிவப்பு. மனைவி ஆனந்தவள்ளிக்கு போன் போட்டார்.

"வள்ளி, செவ்வாய்க்கிழம ஹவுஸ்ஃபுல்லுடி!"

"வெளையாடாதீய."

"குத்தாலநாதர் சத்தியமா. மூணு ஆட்டமும்."

அவரே போய் ஹவுஸ்ஃபுல் போர்டை எடுத்துத் துடைத்து வாசலில் தொங்கவிட்டார். கேட்டில் டிக்கெட் பார்க்கும் சொக்கம்மாளிடம், இன்றைக்குத் தள்ளுமுள்ளு அதிகமாக இருக்கும், சூதானமாக நில் என்றார். சொக்கம்மாள் செல்போனை வைத்து டிக்கெட்டைச் சரிபார்ப்பவள். வாயாடி, ஆனால் வேலையில் கெட்டி.

பத்தரை மணிக்கெல்லாம் வேன்கள் வர ஆரம்பித்துவிட்டன. சாரல் இல்லை, நல்ல மழையே பெய்தது. பெண்கள் பிள்ளைகளைத் துண்டால் மூடிக்கொண்டு இறங்கினார்கள். கூட்டம் கேட்டை நெருங்கியபோது சிவனணைந்தபெருமாள் குடையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போய்க் கையெடுத்துக் கும்பிட்டார்.

"டிக்கெட் இல்லீங்க. எல்லாம் வித்துப் போச்சு. மன்னிச்சிக்கிடுங்க."

"நின்னுக்கிட்டாவது பாக்கோம் அண்ணாச்சி."

"நிக்கவெல்லாம் விட முடியாதுங்க. சட்டம் இருக்கு."

கொல்லத்துக்காரர் ஒருவர் கைக்குழந்தையைக் காட்டி, "சேட்டா, குட்டிக்குப் பனி உண்டு. வராந்தாவில் நின்னோட்டே?" என்று கேட்டார். குழந்தைக்குக் காய்ச்சல், வராண்டாவில் நிற்கலாமா என்கிறார். டிக்கெட் வைத்திருக்கிறவர்கள் வருவதற்கு வழி வேண்டுமே என்று அதற்கும் சிவனணைந்தபெருமாள் சம்மதிக்கவில்லை. அந்த மனிதர் ஒன்றும் சொல்லாமல் எதிரே இருந்த பஞ்சர் கடையின் தகரத்துக்குக் கீழே போய் ஒண்டிக்கொண்டார். மற்றவர்களும் அங்கங்கே புளியமரத்தடியிலும் வேனுக்குள்ளும் போனார்கள். ஒரு பெரியவர் மட்டும் போகிற போக்கில், "வித்தாச்சுன்னா உள்ள போற ஆள எங்கவே?" என்று கேட்டார். வருவார்கள் என்றார் இவர்.

பதினொன்றரைக்குப் படம் போட்டாயிற்று. சிவனணைந்தபெருமாள் ஆபீஸ் ரூமில் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். சொக்கம்மாள் வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, படம் போட்டாச்சு. யாரும் வரல."

"மழைல்லா. பைய வருவாவ."

"பையயும் இல்ல, வேகமாவும் இல்ல. யாருமே வரல. ஒத்த டிக்கெட் பாக்கல நான்."

இவர் அவள் முகத்தைப் பார்த்தார். கேலி செய்கிற முகம் இல்லை. துண்டைப் போட்டுவிட்டு எழுந்து போய் வாசல் திரைச்சீலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

திரையில் நாயகன் ஏதோ ஒரு அணைக்கட்டின் மேலே ஹெலிகாப்டரில் ஒரு கையால் தொங்கிக்கொண்டிருந்தான். குண்டு வெடித்தது. அந்த வெளிச்சத்தில் தியேட்டர் முழுவதும் ஒரு தரம் தெரிந்தது. மடங்கிய சீட்டுகள். முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை மடங்கிய சீட்டுகள் மட்டும்தான். இன்னொரு குண்டு வெடித்தது. அப்போதும் அதேதான்.

சுவரைப் பிடித்துக்கொண்டு, செல்போன் வெளிச்சத்தை அடித்து வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். முப்பத்தைந்து வருஷத்தில் காலி அரங்கை அவர் பார்க்காமல் இல்லை. பத்துப் பேருக்குப் படம் ஓட்டியிருக்கிறார். ஒருவரும் வராமல் காட்சியையே ரத்து செய்திருக்கிறார். ஆனால் ஒரு சீட் பாக்கியில்லாமல் விற்றுவிட்டு, ஒரு சீட்டில்கூட ஆள் இல்லாமல் பார்த்ததில்லை. இத்தனை பேருக்கும் வரும் வழியில் ஏதோ ஆகிவிட்டது என்றுதான் அவர் மனம் முதலில் போயிற்று. எங்காவது பாலம் உடைந்திருக்குமோ, பஸ் ஏதும் கவிழ்ந்திருக்குமோ. வெளியே ஓடிவந்து அண்ணன் இசக்கிக்கு போன் போட்டு, ரோட்டில் ஏதாவது விபத்தா என்று கேட்டார். ஒன்றுமில்லையே, எதற்குக் கேட்கிறாய் என்றார் அவர். பதில் சொல்ல வராமல் போனை வைத்துவிட்டு பாரூக்கைக் கூப்பிட்டார்.

"பாய், ஹவுஸ்ஃபுல்லு. உள்ள ஒரு ஈ காக்கா இல்ல. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

அந்தப் பக்கம் பாரூக் குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணாச்சி, அத நீங்க கண்டுக்கிடாதீய. படத்த ஓட்டுங்க. உங்க பங்கு வந்து சேந்திரும்."

"டிக்கெட்ட வாங்குனது யாரு?"

"அது இருக்கட்டும் அண்ணாச்சி."

"பாய், உங்களத்தான் கேக்கேன். யாரு?"

"படத்துக்காரவதான்."

"அவுக படத்துக்கு அவுகளே டிக்கெட் வாங்குவாவளா?"

"நேரா வாங்க மாட்டாவ. அதுக்குன்னு மெட்ராஸ்ல ஏஜென்சி இருக்கு. செவ்வாய்க்கெழம வசூல் விழுந்துட்டுன்னு வெளிய தெரிஞ்சா ஆறாம் பாகம் போச்சு அண்ணாச்சி. அதுக்கு அறுநூத்தம்பது கோடி கேட்டுக்கிட்டு இருக்காவ. துட்டுப் போடுறவன் முதல் வார நம்பரத்தான் பாப்பான். உங்க ஊர் மட்டும் இல்ல, எல்லா ஊர்லயும் இப்படித்தான் நடக்கு."

எல்லா ஊரிலும் என்ற வார்த்தை அவரை உட்கார வைத்துவிட்டது. நான்காம் பாகத்தின் முந்நூறு கோடி, மூன்றாம் பாகத்தின் இருநூறு கோடி, திருநெல்வேலி தியேட்டர்காரரும் தானும் வேறு எங்கேயோ ஓடுகிறது என்று நம்பிக்கொண்டிருந்தது எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. ஜன்னல் வழியாகப் பார்த்தார். பஞ்சர் கடைத் தகரத்துக்குக் கீழே அந்தக் கொல்லத்துக்காரர் குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்.

குடையைக்கூட எடுக்கவில்லை. நேராகக் கேட்டுக்குப் போய் இரண்டு கதவையும் விரியத் திறந்தார்.

"வாங்க! எல்லாரும் வாங்க! உள்ள எடம் இருக்கு!"

ஜனம் சந்தேகமாகப் பார்த்தது. இப்போதுதானே கும்பிட்டு விரட்டினான்?

"டிக்கெட் எவ்வளவு?" என்று ஒரு அம்மாள் கேட்டாள்.

"துட்டு வேண்டாம். ஏற்கனவே வித்த சீட்டு. வித்தத மறுபடி விக்க மாட்டேன். பிள்ளையளக் கூட்டிட்டு வாங்க தாயி, நனையாதீய."

அவ்வளவுதான். வேன் கதவுகள் திறந்தன. மரத்தடியிலிருந்தும் கடைத் தகரத்திலிருந்தும் ஓடிவந்தார்கள். சொக்கம்மாள் போனை இடுப்பில் செருகிக்கொண்டு பிள்ளைகளைக் கைப்பிடித்து ஏற்றிவிட்டாள். சிவனணைந்தபெருமாள் மழையில் நனைந்துகொண்டே கையை வீசி வீசி எல்லோரையும் உள்ளே அனுப்பினார். கொல்லத்துக்காரர் அருகில் வந்தபோது இவரால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சொக்கம்மாளிடம் கேண்டீனில் வெந்நீர் வாங்கிக்கொடுக்கச் சொன்னார். கூட்டத்தில் யாரோ ஒரு வாலிபன் எல்லாவற்றையும் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்ததை அவர் கவனித்தார். ஆனால் தடுக்கவில்லை. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தபோது மகள் ஸ்வாதி போனில் கூப்பிட்டாள். ஒரே மகள். திருநெல்வேலியில் புள்ளியியல் படித்துவிட்டு மூன்று வருஷமாகச் சென்னையில் வேலையில் இருந்தாள். சினிமா விளம்பரக் கம்பெனி என்றுதான் வீட்டில் தெரியும். நம்ம தொழில்தான் பிள்ளைக்கும் வந்திருக்கிறது என்று அவருக்கு உள்ளுக்குள் பெருமை. இலத்தூரில் ஒருத்தரிடமும் சொல்லாமல் விட்டதில்லை.

"அப்பா, தியேட்டர்ல ஃப்ரீயா ஆள ஏத்துனீங்களா?"

"அதுக்குள்ள ஒனக்கு எப்படித் தெரியும்?"

"வீடியோ சுத்திக்கிட்டு இருக்கு. எதுக்குப்பா அப்படிப் பண்ணுனீங்க? பேசாம காலியாவே ஷோவ ஓட்டியிருந்தா ஒரு பிரச்சனையும் வந்திருக்காதுல்லா."

சிவனணைந்தபெருமாள் பிசைந்த சோற்றை அப்படியே வைத்தார். காலியாக ஓட்டியிருந்தால் என்று சொல்கிறாள். உள்ளே ஆள் இல்லாதது இவளுக்கு எப்படித் தெரியும்? பாரூக் சொன்ன மெட்ராஸ் ஏஜென்சி ஞாபகத்துக்கு வந்தது.

"ஏட்டி ஸ்வாதி. அந்த டிக்கெட்ட வாங்குனது யாரு?"

அவளுக்குப் பின்னால் ஆபீஸ் சத்தம் கேட்டது. யாரோ சிரித்தார்கள்.

"நீயா?"

"என் டீம்ப்பா. எந்த ஊர்ல எந்த தியேட்டர்ல எவ்வளவு போடணும்னு பாக்குறதுதான் என் வேல. தென்காசி மாவட்டத்துக்கு ஒரு தொகை வந்துச்சு. எப்படியும் எங்கயோ போகப்போற காசு. நம்ம தியேட்டருக்குப் போகட்டுமேன்னு..." இழுத்தாள். "உங்களுக்குப் பங்கு வரும்ல அப்பா. போன மாசம் ஜெனரேட்டர் செலவுக்குக் கஷ்டப்பட்டீங்கன்னு அம்மா சொன்னா. அதான் மூணு ஷோவும் நானே போட்டேன்."

அவருக்குக் கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வரவில்லை. தலையில் யாரோ கல்லைத் தூக்கிப் போட்டதுபோல் உட்கார்ந்திருந்தார். காலையில் கம்ப்யூட்டரில் பார்த்த சிவப்பு எல்லாம் தன் மகள் ஏசி அறையில் உட்கார்ந்து போட்ட சிவப்பு. அதைப் பார்த்துத்தான் அவர் துள்ளினார், பெண்டாட்டிக்கு போன் போட்டார், குத்தாலநாதர் மேல் சத்தியம் செய்தார்.

"நான் மழையில நின்ன சனத்த வெரட்டிட்டேன்டி" என்றார் கடைசியாக. "காய்ச்சல்காரப் பிள்ளைய வராண்டாவுல கூட நிக்க விடல. டிக்கெட் வாங்குனவுக வருவாவன்னு."

அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டது. இவர் வைத்துவிட்டார்.

சாயங்காலம் வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது ஆனந்தவள்ளி நம்பவில்லை. இரண்டு தடவை திரும்பச் சொல்லச் சொன்னாள். பிறகு, "பிள்ள சினிமாவுக்கு விளம்பரம் செய்யுதுன்னுல்லா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். அன்றைக்கு அந்த வீட்டில் டிவியைப் போடவில்லை.

புதனும் வியாழனும் அதேபோல் சிவப்பு. ஸ்வாதி கையை விட்டு வேலை வேறு யாருக்கோ போயிருந்தது; உத்தரவு மட்டும் நிற்கவில்லை. அருவியில் தடையும் நீங்கவில்லை. படம் போட்டுப் பத்து நிமிஷம் பொறுத்துப் பார்ப்பது, ஆள் வராவிட்டால் கேட்டைத் திறந்துவிடுவது என்று சிவனணைந்தபெருமாள் வைத்துக்கொண்டார். எப்போது போன் வரும், எவன் வந்து சண்டை போடுவான் என்று காத்திருந்தார். படத்தை இனி தரமாட்டோம் என்பார்கள், கோர்ட்டுக்குப் போவோம் என்பார்கள், என்ன வந்தாலும் பார்ப்போம் என்று இசக்கியிடம் ஒரு வக்கீல் பெயர்கூடக் கேட்டு வைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் பாரூக்கிடமிருந்து வந்தது ஒரு வீடியோ. கூடவே கைகூப்பும் படம் ஒன்று.

சிவனணைந்தபெருமாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். குழல்வாய்மொழி தியேட்டர். கொட்டும் மழை. விரியத் திறந்த கேட். பெண்களும் பிள்ளைகளும் விழுந்தடித்துக்கொண்டு உள்ளே ஓடுகிறார்கள். நடுவில் நனைந்த வேட்டியோடு அவரே நின்று இரண்டு கையையும் வீசி அழைக்கிறார். வாய் அசைகிறது. துட்டு வேண்டாம் என்று அவர் சொன்னது கேட்கவில்லை. அதற்குப் பதில் படத்தின் இசை இடித்தது. மேலே தங்க எழுத்து ஓடியது: 'கொட்டும் மழையிலும் குறையாத கூட்டம்! தென்காசியில் செவ்வாய்க்கிழமையும் ஹவுஸ்ஃபுல்!' கீழே ஐந்நூறு கோடி. ஆறாம் பாகம் விரைவில்.

மூன்று தடவை பார்த்தார். ஒவ்வொரு தடவையும் அந்த மனிதன் தான்தானா என்று சந்தேகம் வந்தது. பாரூக்கைக் கூப்பிட்டார்.

"பாய், இது பொய்யில்லையா?"

"இதுல பொய் எங்க அண்ணாச்சி இருக்கு? கூட்டம் நெசம். மழ நெசம். ஹவுஸ்ஃபுல்லும் நெசம். மேல எல்லாருக்கும் ஒரே சந்தோசம். ஆறாம் பாகம் முடிவாயிட்டு. உங்களத்தான் முதல்ல கேக்கச் சொன்னாவ."

"எனக்கு ஆறாம் பாகம் வேண்டாம். அந்த மூணு நாள் டிக்கெட்ல என் பங்குன்னு வந்திருக்குல்லா, அதத் திருப்பி எடுத்துக்கிடச் சொல்லுங்க."

பாரூக் உண்மையாகவே பதறிவிட்டார். "ஐயையோ, அதெல்லாம் வாங்க முடியாது அண்ணாச்சி! திருப்பி வாங்குனா வசூல் கொறஞ்சிரும். சொன்ன நம்பர எப்படிக் கொறைக்கது?"

சிவனணைந்தபெருமாளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் கலங்கியது. சொக்கம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, அண்ணாச்சிக்கு ஏதும் ஆகிவிட்டதோ என்று தண்ணீர் கொண்டுவந்தாள்.

அந்தப் பணத்தை வீட்டுக்கு எடுத்துப்போக மனசு வரவில்லை. அதில், மழைக்கு ஒதுங்குகிறவர்கள் நிற்க, தியேட்டர் முகப்பிலிருந்து கேட் வரைக்கும் தகரக் கூரை போட்டார். இரண்டாவது வாரம் முடிந்ததும் படத்தை எடுத்துவிட்டு, புதுமுகங்கள் நடித்த ஒரு சின்னப் படத்தைப் போட்டார். கூட்டம் சுமார். கவுண்டரில் பாதி சீட்டை வைத்துக்கொண்டார். சீசன் முடிவதற்குள் லீஸ் பணம் தேறுமா என்ற கவலை மட்டும் இருந்தது. ஒரு மாதிரியாகத் தேறிவிட்டது.

ஆவணியில் ஒரு நாள் பொதிகை எக்ஸ்பிரஸில் ஸ்வாதி வந்து இறங்கினாள். இரண்டு பெட்டிகள். இத்தனை பெட்டி எதற்கு என்று தென்காசி ஸ்டேஷனில் அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஆனந்தவள்ளி மட்டும் வாசலில் பார்த்த உடனே, "வேலைய விட்டுட்டியா?" என்று கேட்டுவிட்டாள். ஆமாம் என்றாள். இரண்டு நாள் அறையைவிட்டு அதிகம் வெளியே வரவில்லை. அவள் போட்ட கணக்கில் ஊர் ஊராகக் காலித் தியேட்டர்களில் படம் ஓடியதை அவள் கம்ப்யூட்டரில் வெறும் நிறமாகத்தான் பார்த்திருந்தாள். மழையில் நின்ற ஜனத்தை விரட்டிவிட்டேன் என்று அப்பா சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு அந்த நிறத்தைப் பார்க்க முடியவில்லை என்று அம்மாவிடம் சொன்னாளாம். வேறு வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். திருநெல்வேலியில் ஒரு மருத்துவமனையில் கிடைக்கலாம்.

மூன்றாவது நாள் அப்பாவோடு பைக்கில் தியேட்டருக்கு வந்தாள். மேட்னி ஷோ ஓடிக்கொண்டிருந்தது. இருவரும் ஆபீஸ் ரூமில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். உள்ளேயிருந்து அவ்வப்போது சிரிப்புச் சத்தம் வந்தது.

"அப்பா, ஒண்ணு கேக்கவா?"

"கேளு."

"அன்னைக்கு நனைஞ்சிட்டு உள்ள வந்தாங்கள்ல, அவங்களுக்குப் படம் புடிச்சிச்சா?"

சிவனணைந்தபெருமாள் மகளை ஆச்சரியமாகப் பார்த்தார். பாரூக்கோ, வீடியோ செய்தவர்களோ, ஐந்நூறு கோடி என்று எழுதினவர்களோ யாரும் அவரிடம் இதைக் கேட்டதில்லை. யோசித்துப் பார்த்தால் அவரே யாரிடமும் கேட்கவில்லை.

"எங்க புடிச்சிச்சி?" என்றார். "பாதிப் பேரு தூங்கிட்டாவ. அந்தக் கொல்லத்துக்காரர் புள்ள மட்டும் ஹெலிகாப்டரப் பாத்து வீல்னு கத்துச்சு. அவரு எந்திச்சி வெளிய தூக்கிட்டு வந்துட்டாரு. பொறவு படம் முடியிற வரைக்கும் சொக்கம்மாகிட்ட பேசிக்கிட்டு வராண்டாவுலதான் உக்காந்திருந்தாரு."